ஒற்றைப் பட்டைக்காரரின் தலைமை: சிப்பாய் நிலையில் தலைமைப் பண்பும் அறமும் – ஓர் அறிமுகம்

குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் நடுவே உள்ள வெலிங்டனில் ராணுவத்தின் இரண்டு கல்விக்கூடங்கள் இருக்கின்றன. ஒன்று, 1947 முதல் அங்கே இயங்கிவரும் பாதுகாப்புப் படைப் பணியாளர் கல்லூரி. முப்படைகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரிகள் அங்கே வந்து படிக்கிறார்கள். மற்றொன்று, 1758 இல் தன் வரலாற்றைத் தொடங்கும் மதராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய பகுதிகளிலிருந்து வரும் இளைஞர்கள் அங்கே சிப்பாய்களாக உருவாகிறார்கள். தலைமைப் பண்பு, போர் அறம் என்ற சொற்களைக் கேட்டதும் நம்மில் பலருக்கு முதல் கூடமே நினைவுக்கு வருகிறது. இந்தக் கட்டுரை இரண்டாவது கூடத்தின் வாசலில் நிற்கும் இளைஞர்களுக்காக எழுதப்படுகிறது.

ஜக்கதளா பக்கத்துக் கிராமம் ஒன்றில், ராணுவத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் பாடம் சொல்லித் தருகிறேன். சென்ற ஆண்டு அவர்களில் ஒருவர், "அண்ணா, கட்டளை போடுவது அதிகாரியின் வேலை, செய்வது சிப்பாயின் வேலை, பிறகு சிப்பாய்க்கு எதற்குத் தலைமைப் பண்பு?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி அது. அன்று நான் சொன்ன சுருக்கமான பதில் எனக்கே நிறைவாக இல்லாததால், அதை இங்கே விரித்துச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் படையின் படிநிலையைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தியத் தரைப்படையில் சிப்பாயாகச் சேர்பவர், காலமும் தகுதியும் கூடும்போது லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என உயர்கிறார்; அவர்களுடைய சட்டைக் கையில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று பட்டைகள் இருக்கும். அதற்கு மேல் நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்ற நிலைகள் உள்ளன. அகாதமியில் பயின்று நேரடியாக லெப்டினன்ட்டாக வரும் அதிகாரியின் பாதை வேறு. காலாட்படையில் ஏறக்குறைய பத்துப் பேர் கொண்டது ஒரு செக்‌ஷன். மூன்று செக்‌ஷன்கள் சேர்ந்தது ஒரு பிளாட்டூன். மூன்று பிளாட்டூன்கள் சேர்ந்தது ஒரு கம்பெனி. செக்‌ஷனை நடத்துபவர் அதிகாரி அல்லர். பட்டை அணிந்த ஒரு நாயக்கோ ஹவில்தாரோதான் நடத்துகிறார். மலைச்சரிவில் கற்களை அடுக்கி அமைத்த காவல் அரண் ஒன்றில் இரவு இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்பதை அருகில் நின்று பார்ப்பவரும், அங்கே உடனடியாக முடிவெடுக்க வேண்டியவரும் அவரே.

1948 பிப்ரவரி 6 அன்று, ஜம்மு–காஷ்மீரின் நௌஷேரா பகுதியில் உள்ள தைந்தர் என்ற இடத்தின் முன்னணிக் காவல் நிலை ஒன்றில் ஒன்பது பேர் இருந்தார்கள்; அவர்களை நடத்தியவர் ராஜபுத்திர ரெஜிமென்ட்டைச் சேர்ந்த நாயக் ஜதுநாத் சிங். அடுத்தடுத்து வந்த தாக்குதல்களை, தன் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்துகொண்டிருந்த நிலையிலும், அவர் கலங்காமல் எதிர்கொண்டார். மூன்றாவது தாக்குதலின்போது படுகாயத்துடன் தனி ஆளாக அரணைவிட்டு வெளியேறி எதிரியை நோக்கிச் சென்று உயிர்நீத்தார். அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. அவருடைய வீரத்தைப் பலரும் சொல்வார்கள். என் மாணவர்களிடம் நான் சுட்டிக்காட்ட விரும்புவது, முதல் இரண்டு தாக்குதல்களுக்கு இடையில் எஞ்சிய ஆட்களை அவர் மீண்டும் ஒழுங்குபடுத்தி நிறுத்தினார் என்பதைத்தான். அந்த நேரத்தில் அவர்கள் அவருடைய சொல்லைக் கேட்டது, அவருடைய பட்டைக்கு அஞ்சி மட்டும் இருக்க முடியாது. அப்படிப்பட்ட நம்பிக்கை சண்டை நடக்கும் நாளில் பிறப்பதில்லை. அதற்கு முந்தைய சாதாரண நாள்களில் சிறுகச் சிறுகச் சேர்வது.

சாதாரண நாள்களில்தான் இந்தப் பாடத்தின் கடினமான பகுதி இருக்கிறது. லான்ஸ் நாயக் என்ற ஒற்றைப் பட்டை நிலையே எல்லாவற்றிலும் சிக்கலானது என்று நான் கருதுகிறேன். நேற்றுவரை ஒரே பாரக்கில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்து, ஒரே உஸ்தாதிடம், அதாவது பயிற்சி ஆசிரியரிடம், திட்டு வாங்கி, வீட்டிலிருந்து வந்த முறுக்கைப் பங்கிட்டுத் தின்ற நண்பர்களுக்கு, இன்று இவர் வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும். இரவுக் காவலில் எல்லோரும் தவிர்க்க நினைப்பது இரண்டு மணி முதல் நான்கு மணிவரையிலான முறை. முன்னும் தூக்கம் இல்லை, பின்னும் தூக்கம் இல்லை. அந்த முறையை யாருக்குப் போடுவது? தன் நண்பருக்குத் தொடர்ந்து எளிய முறையைக் கொடுத்தால் மற்றவர்கள் ஒரே வாரத்தில் கண்டுகொள்வார்கள். நண்பருக்குச் சலுகை தரவில்லை என்று காட்டுவதற்காகவே அவருக்குக் கடினமான முறையை மீண்டும் மீண்டும் போட்டால், அதுவும் அநீதியே. பல மொழியினர் கலந்திருக்கும் செக்‌ஷனில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது: தமிழ் பேசும் ஒருவர் பட்டியல் போடும்போது, தமிழ் பேசாதவர் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்பது இயல்பு. ஆகவே பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்டுவதும், முறைகளைச் சுழற்சியில் விடுவதும், தன் பெயரையும் அந்தச் சுழற்சியில் சேர்ப்பதும் வெறும் நிர்வாக ஒழுங்குகள் அல்ல, அவை அறச்செயல்கள். சிப்பாய் நிலையில் தலைமையும் அறமும் இரு வேறு பாடங்கள் அல்ல என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

என் தந்தை ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். லங்கர் என்னும் படைச் சமையற்கூடத்தில் தன் செக்‌ஷனின் கடைசி ஆள் தட்டோடு உட்கார்ந்த பிறகே தட்டை எடுப்பது அவருடைய வழக்கம். ஊருக்குத் திரும்பிய பிறகும், வீட்டில் விருந்தினர் இருக்கும் நாளில் அவரை முதற்பந்தியில் உட்கார வைக்க எங்களால் முடிந்ததில்லை. 1932 இல் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் டேராடூன் அகாதமியின் தொடக்க விழாவில், அன்றைய படைத்தலைவர் சர் பிலிப் செட்வுட் அதிகாரிகளுக்கு வகுத்துத் தந்த வரிசை, நாட்டின் நலன் முதலில், தன் கீழ் உள்ள வீரர்களின் நலன் அடுத்து, தன்னுடைய வசதி எப்போதும் கடைசியில் என்பது. என் தந்தை அதை எங்காவது படித்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வரிசை அதிகாரிக்கு மட்டும் உரியதன்று என்பதை அவருடைய தட்டைப் பார்த்தே நான் கற்றுக்கொண்டேன்.

தனக்குக் கீழ் உள்ளவரை அடிப்பதும் இழிவாக நடத்துவதும் கண்டிப்பின் ஒரு வகை என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. 1950 ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. தனக்குக் கீழ் உள்ளவரைத் தாக்கினாலோ வேறு வகையில் கொடுமைப்படுத்தினாலோ, அந்தச் சட்டத்தின் 47 ஆம் பிரிவின்படி அதிகாரி முதல் பட்டைக்காரர் வரை எவரும் ஏழாண்டு வரை சிறைத் தண்டனைக்கு உள்ளாகலாம்.

இனி, மாணவர்கள் எல்லோரும் தடுமாறும் இடத்துக்கு வருவோம். கீழ்ப்படிதலே படையின் முதுகெலும்பு என்றால், தவறான கட்டளைக்கும் கீழ்ப்படிய வேண்டுமா?

ராணுவச் சட்டத்தின் சொற்களைக் கவனமாகப் படித்தால் பாதி விடை கிடைத்துவிடும். கட்டளையை மீறுவதைக் குற்றமாக்கும் 41 ஆம் பிரிவு, வெறுமனே "கட்டளை" என்று சொல்லவில்லை. "சட்டப்படியான கட்டளை" என்று சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 14 ஆம் பிரிவிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து அப்படியே வந்தது அது. மேலதிகாரியின் ஆணைப்படி கூட்டத்தின் மீது சுட்ட சிப்பாய் குற்றம் செய்தவராக மாட்டார் என்று அது கூறுகிறது. ஆனால் அந்த ஆணை சட்டத்தின் கட்டளைகளுக்கு இணங்கியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அதே வாக்கியத்தில் வைக்கிறது. அந்த நிபந்தனையை விட்டுவிட்டு எடுத்துக்காட்டின் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்யும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பாடத்தின் உயிரான பகுதியைத் தவறவிடுகிறார்கள்.

அதே நேரத்தில், தனக்குப் பிடிக்காத கட்டளையெல்லாம் சட்டவிரோதமான கட்டளை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கடினமான கட்டளை, உயிருக்கு ஆபத்தான கட்டளை, அறிவுக்குறைவானது என்று தனக்குத் தோன்றும் கட்டளை ஆகிய மூன்றும் சட்டப்படியானவையாக இருக்க முடியும். அவற்றுக்குக் கீழ்ப்படிவதாகத்தான் சிப்பாய் உறுதிமொழி எடுக்கிறார். தன் உயிருக்கே ஆபத்து என்றாலும் மேலுள்ளவரின் கட்டளையை நிறைவேற்றுவேன் என்று அந்த உறுதிமொழி சொல்கிறது. ஆனால் நிராயுதபாணியான ஊராரைச் சுடச் சொல்வதும், பிடிபட்டவரைச் சித்திரவதை செய்யச் சொல்வதும், ஒரு வீட்டைக் கொள்ளையிடச் சொல்வதும் வேறு வகை. சட்டப் புத்தகத்தைத் திறக்காமலேயே, எந்தச் சாதாரண மனிதரும் தவறு என்று உணரக்கூடியவை அவை. ஐயம் எழும்போது கட்டளையைத் திரும்பச் சொல்லும்படி கேட்பதும், தன் ஐயத்தை மரியாதையோடு வெளிப்படையாகச் சொல்வதும், அடுத்த மேல்நிலைக்குத் தெரிவிப்பதும் கீழ்ப்படியாமை ஆகிவிடாது.

1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கொன்றுகொண்டிருந்தபோது, ஒரு சிறு ஹெலிகாப்டர் அங்கே தரையிறங்கியது. அதை ஓட்டிய ஹியூ தாம்ப்சன் வாரண்ட் அதிகாரி. அவருடன் இருந்த கிளென் ஆன்ட்ரியோட்டாவும் லாரன்ஸ் கோல்பர்னும் சாதாரணப் படைவீரர்கள். தம் நாட்டுப் படையினருக்கும் தப்பி ஒளிந்திருந்த கிராமத்தாருக்கும் நடுவே அவர்கள் ஹெலிகாப்டரை நிறுத்தி, எஞ்சியவர்களைக் காப்பாற்றினார்கள். பிணங்கள் கிடந்த பள்ளத்தில் இறங்கி உயிரோடு இருந்த ஒரு குழந்தையைத் தூக்கி வந்தவர் ஆன்ட்ரியோட்டா. அடுத்த மாதமே அவர் போரில் இறந்தார். அம்மூவருக்கும் சோல்ஜர்ஸ் மெடல் என்னும் பதக்கம் 1998 இல்தான், முப்பது ஆண்டுகள் கழித்து, வழங்கப்பட்டது. அறத்தின் பக்கம் நிற்பவருக்கு உடனே பாராட்டுக் கிடைக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தரக் கூடாது என்பதற்காகவே அந்த ஆண்டுக் கணக்கையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நம் மரபில் இந்தச் சிக்கலுக்கு ஒரு பழைய பெயர் இருக்கிறது: செஞ்சோற்றுக் கடன். ராணுவத்தில் "நாம், நமக், நிஷான்" என்பார்கள். பெயர், உப்பு, கொடி என்று பொருள். உண்ட உப்புக்கு உண்மையாக இருப்பது என்ற அந்த உணர்வைத் தமிழருக்கு யாரும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் கும்பகர்ணன் அண்ணனின் தவறு தெரிந்தும் அவனுக்காக நின்று மாண்டதையும், வீடணன் பிரிந்து சென்றதையும் வைத்து நம் பட்டிமன்றங்கள் இன்றுவரை தீராமல் வாதிடுகின்றன. இன்றைய சிப்பாயின் நிலை ஒரு வகையில் அவர்களுடையதைவிடத் தெளிவானது என்பது என் எண்ணம். அவர் உண்ணும் சோறு எந்தத் தனி மனிதரும் இட்டதன்று. அவருடைய உறுதிமொழி இந்திய அரசியலமைப்பின் மீது பற்றுறுதி கொள்வதாகக் கூறுகிறது. மேலுள்ளவருக்கு அவர் கீழ்ப்படிவது, அந்த மேலுள்ளவரும் அதே சட்டத்துக்குள் நிற்பதால்தான். ஆகவே தவறு செய்யும் தோழரைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதைச் செஞ்சோற்றுக் கடன் என்று எவரேனும் சொன்னால், கடன் யாருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

தவறைக் கண்டால் எங்கே சொல்வது என்பதும் பாடத்தின் ஒரு பகுதி. அதிகாரி அல்லாத ஒருவர், தனக்கு மேலுள்ளவரால் தீங்கிழைக்கப்பட்டதாகக் கருதினால் முறையிடுவதற்கான வழியை ராணுவச் சட்டத்தின் 26 ஆம் பிரிவு தருகிறது. கம்பெனியில் இருப்பவர் கம்பெனி கமாண்டரிடம் முறையிடலாம். இதைத் தவிர, படைத்தலைவரும் வீரர்களும் நேருக்கு நேர் கூடும் சைனிக் சம்மேளனமும் உண்டு. இந்த வழிகள் அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைதூரம் போக வேண்டாம். 1806 இல் வேலூர்க் கோட்டையில், புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறி, தாடி, காதணி ஆகியவற்றின் மீதான கட்டுப்பாடுகளும் தங்கள் வழக்கத்துக்கு மாறானவை என்று மதராஸ் படையின் சிப்பாய்கள் முதலில் மறுத்தார்கள். அவர்களில் சிலருக்குக் கசையடித் தண்டனை விதிக்கப்பட்டது. ஜூலை 10 அன்று கோட்டையே கிளர்ந்தெழுந்தது. இரு பக்கமும் பெரும் உயிரிழப்பு நேர்ந்தது. ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் படைத்தலைவர் ஜான் கிராடக்கும் பின்னர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அந்நிய ஆட்சிக்கு எதிரான எழுச்சியாக நாம் பெருமையோடு நினைவுகூரும் நிகழ்ச்சி அது. தலைமையைப் படிக்கும் மாணவர் அதை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும்: கீழிருந்து வந்த முறையீட்டைத் தண்டனையால் எதிர்கொண்டவர்களின் தோல்வி அது. செக்‌ஷனை நடத்தும் நாயக்கிடம் ஒரு சிப்பாய் தயங்கித் தயங்கி வந்து ஏதேனும் சொல்லும்போது, "அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவதும் சிறிய அளவில் அதே தோல்விதான்.

மேலே அனுப்பும் தகவல் உண்மையாக இருப்பது இதோடு சேர்ந்தது. ரோந்து பாதி வழியில் திரும்பிவிட்டது; ஆனால் முழுவதும் சென்றதாக எழுதினால் யாருக்கும் தெரியாது. எண்ணியபோது தோட்டாக்கள் இரண்டு குறைந்தன. நாளை சரிக்கட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. இப்படிப்பட்ட பொய்கள் சிறியவையாகத் தோன்றலாம். ரோந்து சென்றதாக நம்பி அடுத்த நாள் அதே பாதையில் இன்னொரு செக்‌ஷனை அனுப்புபவருக்கு அது சிறிய பொய் அல்ல. ஓய்வுக்குப் பின் குன்னூரில் வாழ்ந்து, 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமான ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா, தலைமை பற்றிப் பேசும்போதெல்லாம் உடல் துணிவோடு மனத்துணிவையும் சேர்த்தே வலியுறுத்தினார். ஆமாஞ்சாமிகள் ஆபத்தானவர்கள் என்பது அவருடைய உறுதியான கருத்து. போர்க்களத்தில் குண்டுக்கு அஞ்சாதவர், மேலுள்ளவரின் முகச்சுளிப்புக்கு அஞ்சி உண்மையை விழுங்கிவிடுவது உண்டு என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

பிடிபட்ட எதிரியை நடத்தும் முறையைப் பற்றி இளைஞர்களிடம் பேசும்போது நான் கைப்பேசியிலிருந்து தொடங்குகிறேன். 1949 ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தம், 13 ஆம் பிரிவில், போர்க்கைதியை வன்முறையிலிருந்தும் அச்சுறுத்தலிலிருந்தும் மட்டுமன்றி, அவமதிப்பிலிருந்தும் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது. இந்தியா அந்த ஒப்பந்தங்களுக்கென 1960 இல் தனிச் சட்டமே இயற்றியுள்ளது. கைதியின் அருகில் நின்று ஒரு படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவது விளையாட்டு என்று ஓர் இளைஞர் நினைக்கலாம். அந்தப் பிரிவு தடுப்பது அதையும்தான். 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் நிகழ்ந்த சரணடைவில் ஏறத்தாழ 93,000 பேர் இந்தியாவின் பொறுப்பில் வந்தார்கள். அவர்களைக் காவல் காத்தவர்களும், அவர்களுக்குச் சோறு பரிமாறியவர்களும் பெரும்பாலும் சிப்பாய்களே. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் அவர்களுடைய கைகளில்தான் நடைமுறைக்கு வந்தது. வள்ளுவர் படைச்செருக்கு என்னும் அதிகாரத்திலேயே, "பேராண்மை என்ப தறுகண்ஒன் றுற்றக்கால் ஊராண்மை மற்றதன் எஃகு" என்று சொல்லிவைத்திருக்கிறார். பகைவரை எதிர்க்கும் அஞ்சாமை பேராண்மை. அந்தப் பகைவருக்கு ஒரு துன்பம் வரும்போது உதவுவது அந்த ஆண்மையின் கூர்மை. இரக்கத்தை வீரத்துக்கு எதிரானதாக அவர் வைக்கவில்லை. ஆயுதத்தின் கூர்முனையாகவே வைக்கிறார்.

2022 இல் தொடங்கிய அக்னிவீர் முறையில் சேர்பவர்களுக்கு இந்தப் பாடம் இன்னும் விரைவாகத் தேவைப்படுகிறது. நான்கு ஆண்டுப் பணிக்குப் பின் அவர்களில் 25 விழுக்காடு வரையே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள் என்பதால், பக்கத்துக் கட்டில்காரர் தோழராகவும் போட்டியாளராகவும் ஒரே நேரத்தில் இருக்கிறார். அவருடைய பிழையை மறைக்காமலும், தன் முன்னேற்றத்துக்காக ஊதிப் பெருக்காமலும் இருப்பதற்கு முதிர்ச்சி வேண்டும்.

இவற்றை எப்படிப் படிப்பது? வரையறைகளை மனப்பாடம் செய்து அல்ல. ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, நான் அங்கே இருந்தால் என்ன செய்வேன் என்று உரக்கப் பேசி, மற்றவர்களின் மறுப்பைக் கேட்டு, மீண்டும் யோசிப்பதே சிறந்த வழி. எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். டிசம்பர் மாதம்; புல்வெளியில் உறைபனி படிந்திருக்கும் இரவு; நீங்கள் லான்ஸ் நாயக்; மூன்றரை மணிக்குக் காவலைச் சுற்றிப் பார்க்கப் போகிறீர்கள்; காவலில் நிற்க வேண்டிய உங்கள் நண்பர் சுவரில் சாய்ந்து உறங்குகிறார். காவற்பணியில் உறங்குவது ராணுவச் சட்டப்படி குற்றம். என்ன செய்வீர்கள்?

ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. எழுப்பிவிட்டு அமைதியாகப் போவேன் என்றார் ஒருவர். அப்படிச் செய்தால் நாளை இன்னொருவரைத் தண்டிக்கும் தகுதி போய்விடும் என்றார் அடுத்தவர். அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும் என்று பெரும்பாலானவர்கள் முடிவுக்கு வந்தபோது, பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் தந்தை, "எழுதத்தான் வேண்டும், தம்பி. ஆனால் அவன் அந்த வாரத்தில் எத்தனை இரவு அதே முறையில் நின்றான்? அந்தப் பட்டியலைப் போட்டது யார்?" என்று கேட்டார். உடனே யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு, முதலில் பேசிய இளைஞரே, அறிக்கையோடு அந்த வாரத்தின் காவல் பட்டியலையும் இணைத்து மேலே அனுப்புவேன் என்றார். பட்டியலில் தன் கையெழுத்தும் இருக்குமே என்று ஒருவர் நினைவூட்டினார். ஆம், அதையும் சேர்த்துத்தான் அனுப்புவேன் என்றார் அவர்.